நான் எழுதாமல் விட்ட மூன்று வரிகள்

அந்தப் பட்டியலைக் கெடுத்தவன் நான். ரைட்டர் மாணிக்கம் அல்ல.

மூன்று வருடமாக இந்த மலையில் எல்லோரும் அவரைத்தான் சொல்கிறார்கள். சொந்தக்காரியை உள்ளே நுழைப்பதற்காக, பதினாறு வருடம் உழைத்த ஒருத்தியின் பெயரை அடியில் தள்ளியவர் என்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், வாழவந்தி பஸ்ஸில் சொல்கிறார்கள். அதே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானும் கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்ததில்லை.

இன்று உங்களிடம் திறக்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவரிடம் சொல்லத்தான் எனக்குத் துணிச்சல் வருகிறது... பார்த்தீர்களா, இதிலும் கோழைத்தனம்தான்!

நான் ஏற்காடு கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகன். பெங்களூரில் ஒன்பது வருடம் மென்பொருள் எழுதினேன். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்துவிட்டார்கள். ஊரில் அதைச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அப்பாவின் கடைக்கு மேலே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். கீழே பருப்பு நிறுப்பவரிடம் அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது மேலே கேட்கும். அந்தப் பெருமைக்கு ஆதாரமாக எனக்கு ஏதாவது ஒரு வேலை அவசரமாகத் தேவைப்பட்டது.

வேலை வந்தது. வாழவந்திக்குப் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட், பெயர் வேண்டாம். அதன் மேனேஜர் கடைக்கு வந்தபோது அப்பாவின் பேச்சைக் கேட்டு மேலே ஏறி வந்தார். எஸ்டேட் ரெஜிஸ்டர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். அது என்ன பெரிய வித்தையா என்று நினைத்தேன்!

மாணிக்கம் அண்ணன் அந்த எஸ்டேட்டின் ரைட்டர். காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு, யார் வந்தார், யார் எந்தக் காட்டுக்குப் போகவேண்டும் என்று குறிப்பவர். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. மழைக்காலத்தில்கூட நோட்டு நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார். பேச்சில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னிடமும் அப்படித்தான் பேசுவார்.

எஸ்டேட் வழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது. அங்கே இரண்டு வகை ஆட்கள். நிரந்தர ஆளுக்குச் சொந்தமாக ஒரு நம்பர் உண்டு, குடியிருக்க லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரு வீடு உண்டு. தற்காலிக ஆளுக்குச் சொந்த நம்பர் கிடையாது. மாமியார் நம்பரிலோ அண்ணன் நம்பரிலோ அவர்களோடு சேர்ந்து வேலைக்கு வருவார்கள். அவர்கள் என்று சேர்ந்தார்கள் என்பது எஸ்டேட் ரெஜிஸ்டரில் இருக்காது. மாணிக்கம் அண்ணன் தன் கையால் எழுதி வைத்திருந்த நோட்டில் மட்டும் இருந்தது.

சரோஜா அப்படித் தன் மாமியார் நம்பரில் பதினாறு வருடமாக வந்துகொண்டிருந்தவள். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, அந்த வருடத்தோடு வேலையை விட்டு நிற்கவேண்டிய நிலை. அவள் நின்றால் நம்பர் போய்விடும், நம்பரோடு லயத்து வீடும் போய்விடும். சரோஜா நிரந்தரமானால் மட்டும் வீடு நிற்கும். அந்த வருடம் தற்காலிக ஆட்களில் மூத்த ஐந்து பேரை நிரந்தரமாக்குவதாக எஸ்டேட் முடிவு செய்திருந்தது. மூப்புப் பட்டியலைத் தரப்போவது என் மென்பொருள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் நிரல் எழுதும் மொழி கறாரானது. எண் என்று சொன்ன இடத்தில் எழுத்தை வைக்க விடாது. தேதி என்று சொன்ன இடத்தில் எண்ணை வைக்க விடாது. வகை பொருந்தாவிட்டால் நிரல் ஓடவே ஓடாது, நிரலைச் சோதிக்கும் கம்பைலர் ஆரம்பத்திலேயே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். அந்தக் கறாரின்மேல் எனக்கு அப்படி ஒரு கர்வம்! கம்பைலர் ஏற்றுக்கொண்டால் நான் எழுதியது சரி என்று ஒன்பது வருடம் நம்பியிருந்தேன்.

அந்த மொழியில் ஸ்ட்ரக்ட் என்று ஒன்று உண்டு. ஆள் அட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், நம்பர், சேர்ந்த தேதி என்று அட்டையில் கட்டங்கள் இருக்கும், ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபீல்டு. இன்டர்ஃபேஸ் என்று இன்னொன்று உண்டு. அது ஆபீஸ் ஜன்னல் மாதிரி. வெளியே நிற்பவன் ஜன்னலுக்குள் கையை விட்டு அட்டையில் உள்ளதைப் படிக்க முடியாது, கேட்கத்தான் முடியும். 'சேர்ந்த தேதி என்ன?' என்று அவன் கேட்டால், கட்டத்தைப் பார்த்துப் பதில் சொல்ல அந்த அட்டைக்கென்று ஒரு சிறு நிரல் துண்டு வேண்டும். மெத்தட் என்போம். எழுதினால் மூன்று வரி வரும்.

நிரந்தர ஆளுக்கு ஓர் அட்டையும் தற்காலிக ஆளுக்கு ஓர் அட்டையும் செய்தேன். எல்லோரையும் ஒன்றாக அடுக்க வேண்டுமென்பதால் இரண்டுக்கும் ஒரே ஜன்னல். நிரந்தர அட்டைக்கு அந்த மூன்று வரியை எழுதினேன். தற்காலிக அட்டைக்கு எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? சோம்பேறித்தனம். அதற்கு நான் அப்போது வைத்த பெயர் புத்திசாலித்தனம். தற்காலிக ஆள் இன்னொருவர் நம்பரில் வருகிறாள் அல்லவா? அதனால் தற்காலிக அட்டைக்குள் ஒரு நிரந்தர அட்டையைச் செருகிவிட்டேன். அந்த மொழியில் அப்படிச் செருகினால், உள்ளே இருக்கும் அட்டையின் மெத்தட் வெளி அட்டைக்கும் இலவசமாக வந்துவிடும். எஸ்டேட் வழக்கத்தை அப்படியே நிரலில் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

வெளி அட்டையில் அவளுடைய சொந்தச் சேர்ந்த தேதிக்கு ஒரு கட்டம் வைத்திருந்தேன். மாணிக்கம் அண்ணன் அந்தக் கட்டத்தில்தான் தேதியை ஏற்றினார், சரியாகவே ஏற்றினார். ஆனால் ஜன்னலில் கேட்டால் பதில் சொல்வது உள் அட்டை. உள் அட்டைக்கு வெளி அட்டை ஒன்று இருப்பதே தெரியாது. அது தன் கட்டத்தைப் பார்க்கும். அதில் மாமியாரின் நம்பர் மட்டும் இருக்கும், தேதி காலி. காலியையே பதிலாக நீட்டும்.

கம்பைலர் என்ன செய்தது என்கிறீர்களா? பதில் சொல்ல ஒருவன் இருக்கிறானா என்று மட்டும் பார்த்தது. இருந்தான். விட்டுவிட்டது.

அட்டைகளை ஏற்றத் தொடங்கிய காலை இன்னும் கண்முன் நிற்கிறது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆள் கூப்பிடும் கொட்டகையில் மாணிக்கம் அண்ணன் லேப்டாப்பின் முன் கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏனுங்க தம்பி, மூப்புப்படியே ஏத்தட்டுங்களா? நோட்டுல அப்பிடித்தானுங்க எழுதி வெச்சிருக்கறேன்" என்றார்.

"வரிசையெல்லாம் வேண்டாங்கண்ணா. முன்னாடி யாரு நிக்கறாங்களோ அவிங்கள ஏத்துங்க. தேதியப் பாத்து மெஷினே அடுக்கிக்கும்."

"மெஷினே அடுக்கிக்குதுங்களா! அப்பறம் என்னுங்க, நம்ம தலைவலி தீந்துது" என்று சிரித்தார்.

முன்னால் நின்றவள் மகேஸ்வரி. அவருடைய கொழுந்தியாள். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று அவசரப்பட்டாள். வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அவளை முதலில் ஏற்றினார். ஏற்றச் சொன்னவன் நான். சரோஜா அன்று மாமியாரின் கண் ஆபரேஷனுக்காகச் சேலத்தில் இருந்தாள். அவள் அட்டையைக் கடைசியாக, ஒரு வாரம் கழித்து ஏற்றினார்.

மேனேஜருக்குக் காட்டவேண்டிய நாளுக்கு முந்தின மதியம், பட்டியலை ஓடவிட்டுப் பார்த்தேன். நிரந்தர ஆட்களுக்கெல்லாம் தேதி அழகாக வந்தது. தற்காலிக ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒன்றாம் ஆண்டு ஜனவரி ஒன்றாம் தேதி! அந்த மொழியில் காலியான தேதி அப்படித்தான் தெரியும். முப்பத்தெட்டுப் பேரும் இயேசு காலத்திலேயே ஏற்காட்டில் காப்பிப்பழம் பறித்திருக்கிறார்கள்! நான் சிரித்தேன். நம்புங்கள், சிரித்தேன்.

அந்த நேரத்தில் ஒரே ஓர் அட்டையைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அரை நிமிட வேலை. தேதி உள்ளே இருக்கிறது, ஜன்னலுக்கு வரவில்லை என்று தெரிந்திருக்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பழைய ஆள், தேதியை ஏற்றாமல் விட்டிருப்பார் என்று நினைத்தேன். மாணிக்கம் அண்ணன்மேல் முதல் பழியைப் போட்டவன் மேனேஜர் இல்லை. நான்தான், அந்த மதியமே, மனதுக்குள்.

கேட்கவும் இல்லை. நாளைக்குக் காட்டும்போது அசிங்கமாக இருக்கக்கூடாதே என்று ஒரு ஒட்டுப் போட்டேன். தேதி காலியாக இருந்தால், அட்டையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய நாளையும் நேரத்தையும் எடுத்துக்கொள் என்று எழுதினேன். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு நேரத்துக்கு வரவேயில்லை.

விளைவு புரிகிறதா? முதலில் யாரை ஏற்றினாரோ அவள் மூத்தவள். ஐந்து நிமிடம் கழித்து ஏற்றப்பட்டவள் ஐந்து நிமிடம் இளையவள். பதினாறு வருடம் அட்டைக்குள் கிடக்க, நிமிடக் கணக்கில் மூப்பு பார்த்தது என் மென்பொருள்!

மேனேஜர் தேதியெல்லாம் கேட்கவில்லை. தற்காலிக ஆட்களின் பெயர்களை மட்டும் மூப்பு வரிசையில் ஒரே பக்கத்தில் அடித்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மறுநாள் காலை அது ஆபீஸ் பலகையில் ஒட்டப்பட்டது. முதல் பெயர் மகேஸ்வரி. முப்பத்தெட்டாவது பெயர் சரோஜா.

நான் அங்கே இல்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள். சரோஜா பட்டியலை இரண்டு முறை படித்தாளாம். பிறகு மாணிக்கம் அண்ணன் முன்னால் போய் நின்று கத்தினாளாம். "அண்ணா அண்ணான்னு வாய் நெறையக் கூப்புட்டனே... உங்க கொழுந்தியாளுக்கு எம்பட ஊடுதானா கெடைச்சுது?" என்று கேட்டு, கீழே குனிந்து மண்ணை வாரி அவர் வாசல் பக்கமாகத் தூற்றினாளாம். இருபத்திரண்டு வருடத்தில் அவரை ஒருவரும் அப்படிப் பேசியதில்லை.

அவர் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, மெஷினு என்னமோ தப்பாச் சொல்லுதுங்க. நான் சரியாத்தான் ஏத்துனனுங்க. அட்டையத் தொறந்தா பதினாறு வருசம்னு காட்டுது, லிஸ்டுல மட்டும் மாறி வருதுங்க. சித்த என்னன்னு பாருங்க சாமி..."

அட்டையில் சரியாக இருக்கிறது, பட்டியலில் தப்பாக வருகிறது! நிரல் ஒரு வரிகூட அறியாத மனிதர், தப்பு எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார். பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தேன். செருகிய அட்டை, எழுதாத மூன்று வரி, மேலே நான் போட்ட ஒட்டு... எல்லாம் திரையில் பளிச்சென்று தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "அண்ணா, தப்பு என்னோடது" என்று மூன்று வார்த்தை! ஏன் வரவில்லை? எஸ்டேட் முதலாளிக்கு இன்னும் மூன்று எஸ்டேட் உண்டு, அங்கேயும் இதையே போடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கீழே கடையில் அப்பா என் பேரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வேலையை விட்டு அனுப்பப்பட்டவன் என்ற உண்மை, இதைச் சொன்னால் தானாக வெளியே வரும் என்று பயந்தேன். "பாக்கறேங்கண்ணா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

மறுநாள் மேனேஜர் அறை. மாணிக்கம் அண்ணன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார், நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. எனக்கு நாற்காலி போட்டார்கள்.

"தம்பி, லிஸ்ட் தானா வந்ததா, இல்ல யாராவது வரிசைய மாத்தினாங்களா?"

"தானாத்தாங்க வந்துது."

"அட்டையில இப்ப பதினாறு வருஷம்னு இருக்கு. இத ரைட்டர் பின்னாடி மாத்தியிருக்க முடியுமா?"

"முடியுங்க."

கவனித்தீர்களா? இரண்டு பதிலும் உண்மை! கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கேட்காதது எனக்குள் பத்திரமாக இருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் நான் பொய்யே சொல்லவில்லை என்று இன்றைக்கு உங்களிடம் வாதாடியிருப்பேன். நிறுத்தவில்லை. மாணிக்கம் அண்ணன் குறுக்கே வந்து, "மெஷினுதானுங்க தப்பு! தம்பியக் கேளுங்க, மெஷினுதான்!" என்று சத்தம் போட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"மெஷின் என்னங்க பண்ணும்? என்ன ஏத்தறாங்களோ அதுதாங்க வரும்" என்றேன்.

அதுதான் பொய். எண்ணிப் பார்த்தால் எட்டு வார்த்தைகூட இல்லை. இருபத்திரண்டு வருடத்தை அது முடித்துவிட்டது.

அண்ணன் நோட்டை நீட்டினார். "உன் நோட்டு, உன் கையெழுத்து. எப்ப வேணா எழுதிக்கலாமே" என்று மேனேஜர் அதைத் தொடவேயில்லை. முதல் ஆளாகக் கொழுந்தியாள் பெயரை ஏற்றியது ஏன் என்று கேட்டார். "தம்பிதானுங்க முன்னாடி நிக்கறவிங்கள ஏத்தச் சொன்னாரு" என்று அண்ணன் என்னைப் பார்த்தார். நான் போனை எடுத்து ஏதோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். மகேஸ்வரியின் நியமனத்தை மட்டும் ரத்து செய்தார்கள், மற்றபடி ஒட்டிய பட்டியலைக் கிழிக்க எஸ்டேட்டுக்கு மனமில்லை. சரோஜாவின் மாமியார் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மஞ்சக்குட்டையில் ஓர் ஒற்றை அறைக்கு அவர்கள் மாறினார்கள். சரோஜா அங்கிருந்தே வேறொருவர் நம்பரில் தொடர்ந்து வேலைக்கு வந்தாள். சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போது ஊரே பார்த்து மாணிக்கத்தைச் சபித்தது.

அவர் ஒன்று செய்தார். சேர்வராயன் கோயிலில் வந்து சத்தியம் செய்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். இருபது பேர் போனோம். ஆம், நானும் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வருமே! குகைதான் கோயில், குனிந்து குனிந்து உள்ளே நுழைந்தோம். உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். "அந்தப் புள்ள பேர நான் தள்ளலீங்க. தள்ளியிருந்தா எம்பட குலம் வெளங்காது" என்று சொல்லிக் கையை மூடி அணைத்தார். கருகிய வாடை குகைக்குள் நின்றது. அவர் மனைவி வெளியே ஓடிப்போய் அழுதாள்.

சரோஜா மட்டும் அசையவில்லை. "சூடத்த அணைச்சாப் போதுமா? போன ஊடு வந்துருமா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாள். கூட்டத்தில் யாரோ என் தோளைத் தொட்டு, "கம்ப்யூட்டர் தம்பி, நீங்க என்னுங்க சொல்றீங்க?" என்று கேட்டார்கள். "சாமி பாத்துக்குங்க" என்றேன். ச்சீ!

இங்கே நிறுத்தினால் என்னை ஒரு கோழை என்று மட்டும் நினைப்பீர்கள். இன்னும் கேளுங்கள். மனசாட்சி குத்தியதால் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். அந்த நல்ல காரியம்தான் எல்லாவற்றையும்விட மோசமானது.

தப்பைத் திருத்தினேன். யாருக்கும் சொல்லாமல் தற்காலிக அட்டைக்கு அதன் சொந்த மூன்று வரியை எழுதினேன். வெளி அட்டையின் தேதியைப் பார்த்து அதுவே பதில் சொல்லும்படி செய்தேன். ஒட்டைப் பிரித்து எறிந்தேன். வழக்கமான அப்டேட் என்று சொல்லி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த வருடமாவது சரோஜாவுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பாவத்தில் பாதி கழிந்தது என்றுகூட நினைத்தேன்.

அடுத்த வருடப் பட்டியல் சரியாக வந்தது. முதல் பெயர் சரோஜா. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா தம்பி! அந்தாளு போனான், லிஸ்ட் சரியாயிடுச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

யோசியுங்கள்... அவருக்காகக் கொஞ்சமாவது சந்தேகப்பட்ட நாலு பேர் அதுவரை இருந்தார்கள். சூடம் அணைத்த கையைப் பார்த்துத் தயங்கியவர்கள். அந்தப் பட்டியல் ஒட்டப்பட்ட நாளோடு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் சரிசெய்தது அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது! எனக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிப்பதுதானே என் தொழில்?

சரோஜா கடைக்கு வந்தாள். கை நிறைய ஆரஞ்சுப்பழம். வேலை நிரந்தரமாகிவிட்டது, லயத்தில் வீடு காலியானால் தருவார்கள் என்றாள். "உங்க மெஷினுதானுங்க நாயஞ் சொல்லுச்சு. நீங்க நல்லா இருக்கோணும்" என்று பழத்தை என் மேசையில் வைத்தாள். அப்பா பெருமையில் கண் கலங்கினார். நான் வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள், இனிப்பாக இருக்கிறது என்றார்கள்.

அந்த மூன்று எஸ்டேட்டிலும் என் மென்பொருள் இப்போது ஓடுகிறது. பிழையில்லாமல் ஓடுகிறது.

மாணிக்கம் அண்ணனுக்கு எந்த எஸ்டேட்டிலும் வேலை கிடைக்கவில்லை. ரைட்டர் வேலைக்கு நாணயம்தான் முதல், அது போன பிறகு யார் சேர்ப்பார்கள்? ஏரிப்பக்கம் கார் நிறுத்தும் இடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறார். நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்துவந்தேன். போன மாதம் பெங்களூரிலிருந்து பழைய நண்பன் ஒருவன் குடும்பத்தோடு வந்தான், ஏரியைப் பார்க்க வேண்டுமென்றான். அவர்களை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தினேன். கண்ணாடியைத் தட்டினார்.

இளைத்திருந்தார். பழுப்பு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர். என்னைக் கண்டதும் டோக்கன் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

"தம்பி... நல்லா இருக்கீங்களா? உங்ககிட்ட ஒன்னு சொல்லோணும்னு நொம்ப நாளா நெனச்சிட்டே இருக்கறனுங்க."

தெரிந்துவிட்டது, கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அடிக்கட்டும், காலரைப் பிடிக்கட்டும், நாலு பேர் கூடட்டும் என்று கதவைத் திறந்து இறங்கி நின்றேன்.

"அன்னிக்கு ஏத்தும்போது நாந்தான் எங்கியோ எதையோ மாத்தி அமுக்கிப்போட்டனாட்ட இருக்குதுங்க" என்றார். "மூணு வருசமா யோசிச்சுப் பாத்துட்டனுங்க. இல்லீன்னா நான் போனதுக்கப்பறம் லிஸ்டு எப்பிடிங்க சரியா வரும்? வேணுமுன்னு பண்ணலீங்க, அது சத்தியம். ஆனா என்ற கைதான் தப்புப் பண்ணியிருக்குது. அந்தப் புள்ள மண்ண வாரித் தூத்துனதுல நாயம் இருக்குதுங்க."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"அது தெரியாம மேனேஜர் முன்னாடி உங்க மெஷினு மேல பழி போட்டுக் கத்திப்போட்டேன். படிச்ச புள்ள, உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும்! அதான்... மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. மன்னிச்சுக்கோங்க."

ஏரியிலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி எப்போது வாய்க்கும்?

"யாருக்கும் வர்றதுதானுங்கண்ணா..." என்றேன். "நான் எப்பவோ மறந்துட்டனுங்க."

அவர் முகம் தெளிந்தது. மூன்று வருடத்தில் அப்படி ஒரு தெளிவை அந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் செய்த தப்புக்கு அவரை நான் மன்னித்தேன்... அவர் அதை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி, அடுத்த வண்டிக்கு டோக்கன் கிழிக்கப் போனார்.